கம்ப்யூட்டர் சொன்ன பெயர்

"ரகசியம்னு சொல்றீங்க. ஆனா இங்க எல்லாருக்கும் அது தெரியுதே. அப்புறம் அது எதுக்கும்மா?"

ஏழு வயது சாயிமா ஒரு சனிக்கிழமை மதியம் இப்படிக் கேட்டாள். அன்று பள்ளிக்கூடம் அரை நாள். வேலம்பாளையத்து பனியன் கம்பெனியில், கட்டிங் பகுதியின் ஓரத்துக் கண்ணாடி அறையில், அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்வேர்டு என்றால் என்ன என்று மகளுக்குச் சொல்லி முடித்திருந்தாள் ஷரீபுன்னிசா. அப்போது வெளியிலிருந்து எவனோ, "அக்கா, பாஸ்வேர்டு அதே பனியன்தானே?" என்று கத்த, கட்டிங் பகுதியே சிரித்தது. ஷரீபுன்னிசாவும் சிரித்தாள்.

கம்பெனியில் ஒரே கம்ப்யூட்டர். இரண்டாயிரத்து மூன்றில் அது வந்து இறங்கிய நாளில் பெட்டியை மாடிக்குச் சுமந்தவன் கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து. "ஏதாச்சும் ஒரு பேர் சொல்லுங்க, போட்டுக்கலாம்" என்று சர்வீஸ்காரர் கேட்டபோது, தூக்கியவன் பேரையே போடட்டும் என்று எல்லோரும் விளையாட்டாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து யார் உட்கார்ந்தாலும் அந்தப் பெயரில்தான் உள்ளே போவார்கள். பனியன் ஏற்றுமதியில் புழங்குகிறவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமில்லை. ஒருவர் பெயரில் சிம் கார்டு வாங்கி நாலு பேர் பேசுகிற காலம் அது.

ஷரீபுன்னிசாவிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தெரிந்ததைப் பெரிய வார்த்தைக்குள் ஒளித்து வைக்கமாட்டாள். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பில் இங்கிலீஷில் படித்ததையெல்லாம் பனியன் பாஷையில் சொல்வாள். "ஹார்டு டிஸ்க்னா நம்ம குடோன். ரேம்னா கட்டிங் டேபிள். குடோன் எத்தனை பெருசா இருந்தாலும் டேபிள் சின்னதா இருந்தா வேலை மெதுவாத்தான் ஓடும்." ஈமெயிலில் அட்டாச்மென்ட் என்றால் கடிதத்தோடு குண்டூசி குத்தி அனுப்புகிற துணி சாம்பிள். டீ இடைவேளையில் இதைக் கேட்கவே நாலு பேர் கண்ணாடி அறை வாசலில் நிற்பார்கள். இசக்கிமுத்து முதல் ஆளாக நிற்பான்.

"ஏக்கா, நீங்க மட்டும் எங்கூர்ல வாத்தியாரா இருந்திருந்தா நான் பத்தாவது தாண்டிருப்பேன்லா."

"பொய் சொல்லாத தம்பி. நீ எட்டாவதே தாண்டலைன்னு உங்கூட வேலை செய்யற ஆரோக்கியராஜ் சொன்னாரு."

மேனேஜர் குமாரவேல் மட்டும் அந்தக் கூட்டத்தில் நின்றதில்லை. முதலாளியின் மைத்துனர். தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை முப்பதாயிரம் டி-சர்ட் வெட்ட வேண்டும். துணி விரித்தாகிவிட்டது. அளவுத் தாள் எடுக்கலாம் என்று பார்த்தால் கம்ப்யூட்டரில் அந்த ஆர்டரே இல்லை. குமாரவேல் சர்வீஸ்கார முதஸ்ஸிரைப் போனில் பிடித்தார். அவர் சொன்ன இடங்களில் எல்லாம் ஷரீபுன்னிசா தட்டித் தட்டிப் பார்த்து, திரையில் தெரிவதைப் படித்தாள்.

"லாக்ல டெலீட்னு வருதுங்களா? யூசர் இசக்கி, நேத்து நாலு பத்து. அன்ஆத்தரைஸ்டு டெலீஷன் மாதிரி இருக்குங்க. சிஸ்டத்தைத் தொடாதீங்க, ஒரு மணி நேரத்துல வர்றேன்" என்று ஸ்பீக்கரில் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நாலு பத்து. ஷரீபுன்னிசா திரையை மறுபடியும் பார்த்தாள். முந்தின நாள், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, பழைய ஆர்டரையெல்லாம் தூக்கிப் போடு என்று குமாரவேல்தான் சொன்னார். போன வருடத்து ஆர்டருக்கும் இந்த வருடத்து ஆர்டருக்கும் நடுவே ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். அவள்தான் அழித்திருக்கிறாள். அந்த நேரத்தில் வேறோர் ஆர்டரின் அளவுத் தாளுக்காக அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவன் இசக்கிமுத்து.

அவள் வாயைத் திறப்பதற்குள் குமாரவேல் வெளியே போய்விட்டார். மேசையிலிருந்து இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். இசக்கிமுத்து திரும்புவதற்குள் அதன் விளிம்பு அவன் நெற்றியைக் கிழித்தது.

"யாருக்குடா ஆர்டரை வித்த? பெருமாநல்லூர்க் கம்பெனிக்காரனுக்கா?"

"எதை வித்தேன்னு சொல்லுதிய, சார்? நான் தொடவே இல்லய்யா."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடா? லாக்ல உம் பேர் இருக்குது! அன்ஆத்தரைஸ்டு!"

அனுமதி இல்லாமல் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததாலேயே அது அவர் கையில் தீர்ப்பாக மாறிவிட்டது. அடுத்த அடி வாயில் விழுந்தது. பல்லொன்று உடைந்து மோவாயில் இரத்தத்தோடு வழிந்தது. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி முதுகில் விளாசினார். பக்கிள் பட்ட இடத்தில் சட்டை கிழிந்து தோல் உரிந்தது. கட்டிங் பகுதியில் இருபது பேர் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை.

இசக்கிமுத்து ஒரு முறை தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தான். நாலு பத்துக்கு அங்கே உட்கார்ந்திருந்தது யார் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், பெல்ட் திசை மாறிவிடும். அவன் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டு மறுபடியும், "நான் தொடலய்யா" என்று மட்டும் சொன்னான்.

ஷரீபுன்னிசா கண்ணாடியைப் பிடித்தபடி நின்றாள். கணவர் முஸ்தபா இறந்து இரண்டு வருடம். வீட்டு வாடகை, சாயிமாவின் பள்ளிக்கூடம், எல்லாமே இந்த நாற்காலியில்தான் இருந்தன. 'யா அல்லாஹ், அவர் நிறுத்திவிடட்டும், நான் அப்புறம் சொல்லிக்கொள்கிறேன்' என்று மனம் பேரம் பேசியது. நல்லவர்களும் இப்படிப் பேரம் பேசுகிறார்கள். படைத்தவன் அந்த நேரத்திலும் நம்மைவிட்டு முகம் திருப்புவதில்லை என்பதே நமக்கு மிச்சமிருக்கும் ஆறுதல்.

குமாரவேல் நிறுத்தவில்லை. "எந்தக் கைடா தட்டுச்சு?" என்று கேட்டு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் இசக்கிமுத்துவின் வலது கையை விரித்த துணியின் மேல் வைத்து அழுத்தினார்கள். கட்டிங் மெஷினைப் போட்டார். செங்குத்தாக மேலும் கீழும் ஓடும் கத்தி கீச்சென்று கத்தியபடி துணியைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டைத் தொட்டது. இரத்தம் வெள்ளைத் துணியில் விசிறி அடித்தது. இசக்கிமுத்துவின் அலறலில் மேல்மாடித் தையல் மெஷின்கள்கூட நின்றன.

ஷரீபுன்னிசா ஓடினாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் கைமேல் தன் கையை விரித்து வைத்தாள்.

"அழிச்சது நானுங்க!"

கத்தி அவள் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூலையில் வெட்டிய பீஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த குழந்தையம்மாள் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். மெஷின் முனகி அடங்கியது.

"போதுஞ் சாமி. புள்ளை என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்றாள் அந்தம்மாள். கையைச் சுவிட்சை விட்டு எடுக்கவில்லை.

"பேர் அவனுதுதானே வருது?" குமாரவேல் மூச்சிரைத்தார்.

"லாக்னா நம்ம வாட்ச்மேன் கேட்ல வெச்சிருக்கற நோட்டு மாதிரிங்க. உள்ள வர்றவங்க சொல்ற பேரை எழுதிக்கும். மொகத்தைப் பாக்காது. நாங்க எல்லாருமே இந்தத் தம்பி பேரைச் சொல்லித்தாங்க உள்ள போறோம். நீங்களும் போன வாரம் மேட்ச் ஸ்கோர் பாக்க அந்தப் பேர்லதாங்க போனீங்க."

குமாரவேலின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. மூக்குக்கண்ணாடி பறந்து போய்த் தூணில் மோதியது. உதட்டில் உப்புக் கரித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"இன்னொண்ணுங்க. டெலீட்னா எரிச்சுப் போடறதில்லீங்க. குடோன் லிஸ்ட்ல பேரை அடிக்கறதுங்க. சரக்கு அங்கயேதான் கெடக்கும். அந்த எடத்துல வேற சரக்கைப் போட்டு மூடற வரைக்கும் எடுத்துரலாம். மெஷினை யாரும் தொடாம இருந்தாப் போதும். அவரு வந்து எடுத்துத் தருவாருங்க."

எவருக்கும் புரியாத ஒரு வார்த்தையும் அதில் இல்லை. கையைப் பிடித்திருந்த இரண்டு பேரும் முதலில் விட்டார்கள். தரையில் சுருண்டவனை ஆரோக்கியராஜ் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். குமாரவேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

முதஸ்ஸிர் வந்து ஒரு சிடியைப் போட்டு மதியத்துக்குள் ஆர்டரை மீட்டுக் கொடுத்தார். அளவுத் தாள் வெளியே வந்தது. துணியில் இரத்தம் ஊறிய மேல் அடுக்குகளை மட்டும் உருவி வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டு வேறொருவன் வெட்ட ஆரம்பித்தான். போலீசுக்கு யாரும் போகவில்லை. குமாரவேல் ஷரீபுன்னிசாவை வேலையைவிட்டு நிற்கச் சொல்லவும் இல்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

மறுநாள் மதியம் அவள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரல் தப்பிவிட்டது, ஆனால் மடங்க நாளாகும் என்று வாசலில் நர்ஸ் சொன்னாள். ஊசி போட்ட மயக்கத்தில் இசக்கிமுத்து வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். உதடு ஊதியிருந்தது. ஆரோக்கியராஜ் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அவனை எழுப்பி என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு நான் கண்ணாடிக்குள் நின்ற நேரத்துக்கு உன் முதுகு விலை கொடுத்தது என்றா? உனக்குத் தெரிந்தும் நீ சொல்லவில்லையே தம்பி என்றா? சொன்னால் அவன் சிரித்து, "விடுங்கக்கா" என்பான். அதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் அவன் சட்டை சுருட்டிக் கிடந்தது. கல்மாதிரி காய்ந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தவரை அவனிடம் வேலைக்குப் போட்டு வர இரண்டு சட்டைதான்.

பையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். அங்கே ஒருவரும் இல்லை. இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் என்று தெரியும். பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற வைத்தாள். வாசலில் வாங்கிய சோப்பைப் போட்டு, காலரைத் தனியாக, முதுகைத் தனியாகக் கசக்கினாள். தண்ணீர் சிவப்பாகப் போனது. பிறகு டீ நிறமானது. ஊதிய கன்னம் குனியும்போதெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. அவள் விடவில்லை. கடைசியில் தண்ணீர் தண்ணீராகவே போயிற்று.

பெல்ட் கிழித்த இடத்தைக் கைப்பையிலிருந்த ஊசி நூலால் உள்பக்கமாக இழையோட்டினாள். சட்டையை உதறி, வார்டுக்குத் திரும்பி, அவன் கட்டிலருகே காற்று வரும் ஜன்னல் கம்பியில் காயப் போட்டாள். இசக்கிமுத்து புரண்டு படுத்தான்.

அவன் கண் விழிப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.