அண்ணன் தரைக்கு அடியில் ஓடின குழாய்

பகலவனுக்குக் கோவம் எப்பவும் மூக்கு மேலயே குந்திக்கினு இருக்கும். படப்பை ஊர்ல அவன் வூட்டுக் குழாயில செம்மண் தண்ணி வர ஆரம்பிச்சதுலேர்ந்து அது இறங்கவே இல்ல. தெருவுலேர்ந்து வர்ற இரும்புக் குழாய், பக்கத்து வூட்டுல இருக்கிற கூடப்பொறந்த அண்ணன் எல்லப்பனோட சிமெண்ட் தரைக்கு அடியில வருது. துருப்பிடிச்சு உளுத்துப்போச்சு.

பிளம்பர் மாரி ரெண்டு வழி சொன்னான். அண்ணன் தரையை உடைச்சு அதே தடத்துல புது இரும்புக் குழாய் போடலாம். இல்லன்னா அதை அப்படியே விட்டுட்டு, தெருவைச் சுத்தி பிளாஸ்டிக் குழாய் கொண்டாரலாம். யோசிச்சு சொல்லுன்னான். பகலவனாவது, யோசிக்கிறதாவது! கடப்பாரையைத் தூக்கிக்கினு அண்ணன் வாசல்ல இறங்கிட்டான்.

கார் நிறுத்த ஆசையா போட்ட தரை, எல்லப்பன் விடுவானா? கடப்பாரையைப் பிடுங்கி வீசினான். தம்பி மம்பட்டிக் காம்பை எடுத்து அண்ணன் மண்டையில போட்டான். ரத்தம் காது வழியா சட்டையெல்லாம் வழிஞ்சுது. பகலவன் பொண்டாட்டி ரத்னா நடுவுல விழுந்து கும்பிட்டதாலதான் அன்னிக்கு உசுரோட பிரிஞ்சாங்க.

அண்ணன் சங்காத்தமே வாணாம், பிளாஸ்டிக்கே போடுன்னு மாரிகிட்ட சொல்லிட்டான் பகலவன். புதுக் குழாய் வந்ததும், பழசைத் தன் சுவரோரமா தானே அறுத்து அண்ணன் வாசல்லயே எறிஞ்சான். அதுல சுத்தியிருந்த வயரும் கூடவே பிச்சுக்கினு போச்சு. வூட்டுல கசியிற கரண்ட்டை இரும்புக் குழாய் வழியா மண்ணுக்கு இறக்குற எர்த்தே அந்த வயருதான், வூடு கட்டும்போது அவன் கையாலயே சுத்தினது. ஆத்திரத்துல எவனுக்கு எர்த்து ஞாபகம் வரும்?

மறுநாள் காலையில ரத்னா ஈரக் கையோட பழைய வாஷிங் மெஷினைத் தொட்டா. கரண்ட் கசிஞ்சாலும் எர்த்து இருந்தவரைக்கும் சும்மா கிடந்த மெஷின், அவளைப் புடிச்சிக்கிச்சு.

சத்தம் கேட்டு பகலவன் பின்கட்டுக்கு ஓடினான். மண்டையில கட்டுப் போட்டிருந்த எல்லப்பன், அதே மம்பட்டிக் காம்பால ரத்னா கையில ஓங்கி ஓங்கி அடிச்சிக்கினு இருந்தான். பாவி, பழி வாங்க உனக்குப் பொம்பளைதான் கிடைச்சாளான்னு பகலவனுக்குக் கண்ணு இருட்டிச்சு. பின்கட்டுல கிடந்த கடப்பாரையால அண்ணன் பின்மண்டையில ஒரே போடு போட்டான். அதுக்குள்ள ரத்னா பிடி விட்டு சரிஞ்சிருந்தா.

"கரண்ட்டுய்யா," ரத்னா முனகினா. "மாமாதான் சுவரேறிக் குதிச்சு என்னைப் பிரிச்சு விட்டாரு."

எல்லப்பன் தரையில கிடந்தபடியே தம்பியைப் பார்த்தான். "மொதல்ல மெயின் சுவிட்சை அமுத்துடா," என்றான்.

பகலவன் ஓடிப்போய் அமுத்திட்டு வந்தான். அமுத்திட்டேண்ணான்னு சொல்லிக்கினே அண்ணன் தலையை மடியில எடுத்து வச்சான். கேக்க அண்ணன் இல்ல.