ஆந்தையை அழைத்த குரல்

சனிக்கிழமை சாயங்காலம் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது. ஆந்தை பார்க்க வந்திருக்கிறோமே, கொஞ்சம் சும்மா இருப்போம் என்பதெல்லாம் மண்டையில் ஏறவே ஏறாது. டார்ச் அடிக்காதீர்கள் என்று தொண்டை கிழியச் சொல்வேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடிப்பார்கள். வனக்காவலர் உடுப்பைப் போட்டால் சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. சிரிக்கிறேன், வேறென்ன செய்ய.

முன்பெல்லாம் இந்த மாலை நடைக்கு ஜனங்களைக் கூட்டிப்போனவன் என் தம்பி. அவனும் இங்கே வனக்காவலன்தான். இரண்டு கைகளையும் குவித்து வாயில் வைத்து ஆண் ஆந்தையைப் போலக் கூவினான் என்றால், நிஜ ஆந்தை எங்கிருந்தாலும் பதில் கொடுத்துக்கொண்டே பறந்து வரும். வீட்டில் அவனுக்கு ஆந்தை முழி என்றுதான் பெயர். முழிதான் அப்படி என்று நினைத்தேன், தொண்டையுமா என்று அம்மா சலித்துக்கொள்வாள். அவன் விடுப்பில் போகும் நாட்களுக்காக அந்தக் கூவலைப் பதிவு செய்து, ஒரு சின்ன ஒலிபெருக்கியில் ஏற்றி வைத்திருந்தோம். கூவி முடித்ததும் கூட்டத்திடம் அவன் மெதுவாகச் சொன்னதும் அதில் விழுந்திருக்கிறது: "பொறுங்க, வரும்."

போன மழைக்காலத்தில் நடைபாதையில் சாய்ந்து கிடந்த மரத்தை வெட்டப் போனவன்மேல் இன்னொரு மரம் விழுந்தது. அவ்வளவுதான். அதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அம்மா சனிக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தாள். கூட்டத்துக்குக் கடைசியில், தம்பியின் பழைய மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பாள். வீட்டிலேயே கேட்டுக்கொள்ளேன் என்று அவள் கைபேசியிலும் அந்தக் கூவலை ஏற்றிக் கொடுத்தேன். ஒரு தடவை கேட்டாள், அணைத்துவிட்டாள். வீட்டில் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், யாரும் பதில் சொல்வதில்லை, அங்கேயாவது ஆந்தை வருகிறதே என்றாள்.

ஒரு நடைக்கு ஒரு தடவைதான் கூவ வேண்டும், முட்டை வைக்கும் காலத்தில் கூவவே கூடாது. இது தம்பி வைத்துவிட்டுப் போன கட்டுப்பாடு. ஆனால் அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னொரு தடவை என்பாள். போடுவேன். கூட்டத்துக்கும் கொண்டாட்டம். மழை தள்ளிப் போயிருக்கிறது, முட்டைக்காலம் இன்னும் வரவில்லை என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன்.

இந்த வாரம், கூடுகளைக் கண்காணிக்கிற பறவைக்காரர் என்னை அலுவலக வாசலில் நிறுத்தினார். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். மனுஷன் திட்டவில்லை, மரப்பொந்தில் வைத்திருந்த கேமராப் படத்தைக் காட்டினார். பெண் ஆந்தை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். நாங்கள் கூவலைப் போட்டால், வேறொருவன் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று ஆண் வேட்டையை விட்டுவிட்டு அவனைத் தேடி அலைகிறதாம். போன வாரம் பெண் பசி தாங்காமல் எழுந்து போய்விட்டது. முட்டை ஆறிப்போவதற்குள் எப்படியோ திரும்பியிருக்கிறது. மறுபடியும் இப்படி ஆனால் குஞ்சு பொரிக்காது என்றார். இந்தக் காட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு ஜோடிதான்.

அம்மாவிடம் இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சனிக்கிழமை அந்தப் பொந்து மரத்துக்கு எட்டத்திலேயே எல்லோரையும் நிறுத்தி, இன்றைக்குக் கூவல் கிடையாது, தானாக வந்தால் பார்க்கலாம் என்று அறிவித்தேன். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒருவர் முனகினார். முனகட்டும். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒலிபெருக்கியை மறந்துவிட்டாயா என்று கேட்டாள். இருக்கிறது, போட மாட்டேன் என்றேன்.

"ஒரே ஒரு தடவைடி. அவன் குரல்னா அது எவ்வளவு ஆசையா ஓடி வருது."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. அம்மாமேலா, தம்பிமேலா, அவன்மேல் விழுந்த மரத்தின்மேலா தெரியாது.

"ஆசையா ஒண்ணும் வரலம்மா. அவனை அடிச்சு விரட்டத்தான் வருது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளை ஓரமாக அழைத்துப்போய், பட்டினி கிடக்கும் பெண் ஆந்தையையும் முட்டைகளையும் பற்றிப் பொறுமையாகச் சொன்னேன். அம்மா மழைச்சட்டையின் பொத்தானைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ, அவன் செத்துட்டது அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நீ போடறத நிறுத்திட்டா தெரிஞ்சுடுமே."

ஒலிபெருக்கியைப் பையின் அடியில் தள்ளி மூடினேன்.

நன்றாக இருட்டுவதற்கு முன்பே ஆண் ஆந்தை, யாரும் கூப்பிடாமல், ஒரு எலியைக் கவ்விக்கொண்டு பொந்துக்கு வந்தது. கூட்டத்தில் யாரோ சந்தோஷம் தாளாமல் கைதட்டினார்கள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.