பதினெட்டாம் நாள் கட்டுரை

2013 நவம்பரில் ஃபேஸ்புக் குழு ஒன்று, முப்பது நாள் விடாமல் எழுதும் போட்டி அறிவித்தது. எல்லோரும் நாவல் எழுதக் கிளம்பினார்கள். முப்பிடாதிக்கு நாவல் வராது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, குன்றத்தூரில் நாலு பெண்களோடு ஹாஸ்டல் அறையில் தங்கி, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தற்காலிக வேலை பார்த்தாள். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"உண்மைச் சம்பவம் எழுதலாமா சார்?" என்று குழுவை நடத்திய நம்பிராஜனிடம் கேட்டாள்.

"தாராளமா. ஆனா ஒரு நாள் விட்டாலும் அவுட்" என்று பதில் வந்தது.

கம்பெனி பஸ்ஸில் போக வர ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். செல்போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். கேன்டீன் சாம்பார், ஹாஸ்டல் வார்டன், ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டை. இரண்டு வாரத்தில் சரக்கு தீர்ந்தது. பதினேழாம் நாள் எழுதியது அவளுக்கே சப்பென்று இருந்தது.

அப்போதுதான் கன்னியப்பன் ஞாபகம் வந்தது. அதே கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவர், பென்னலூர்க்காரர், நாற்பது வயது. கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசர் அணைத்து வைத்திருந்தார். மார்ச்சில் கன்னியப்பனுக்கு வலக்கை விரல் மூன்று போயின. பைக்கிலிருந்து விழுந்ததாகக் கம்பெனியே ரிப்போர்ட் எழுதிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தால் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார்கள். அவரும் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒங்களப் பத்தி எழுதட்டுமா?"

"எய்தேன். யாரு படிக்கப் போறா? பேரு மட்டும் போட்றாத தங்கச்சி."

பேரில்லாமல்தான் பதினெட்டாம் நாள் காலையில் போட்டாள். "பேரில்லை, ஊரில்லை. கட்டுரை என்கிறீர்கள், நம்பும்படியாக இல்லையே?" என்று நம்பிராஜன் கீழே எழுதினார். இன்னொருவர், "விரல் போவதெல்லாம் ரொம்ப மிகை" என்றார். அதற்கு முப்பது லைக். முப்பிடாதிக்குச் சுருக்கென்று தைத்தது. நானா பொய் எழுதுகிறவள்? சாயங்காலம் பஸ் சோமங்கலம் தாண்டுவதற்குள் கன்னியப்பன் பேரையும் பென்னலூரையும் சேர்த்துவிட்டாள்.

இருநூறு பேர் பகிர்ந்தார்கள். புதன்கிழமை எச்.ஆர். சிவசங்கர் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய கட்டுரை பிரின்ட் எடுத்துக் கிடந்தது.

"நீ எழுதினதாம்மா?"

"ஆமா சார். நடந்ததத்தான் எழுதிருக்கேன்."

"மேல 'கற்பனைக் கதை'னு ஒரு வரி போட்டுடு."

"போட்டா கன்னியப்பண்ணன ஒண்ணும் செய்ய மாட்டீங்கள்லா சார்?"

"முதல்ல போடும்மா. பாத்துக்கலாம்."

நம்பினாள். அங்கேயே நின்றபடி போட்டாள். பிறகு ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தால் கன்னியப்பன் நாற்காலியில் வேறு ஆள். அவரை முந்தின நாளே கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் போனாள். போகிற வழியெல்லாம் போனில் வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. கதை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வாரத்தின் சிறந்த சிறுகதை என்று நம்பிராஜன் அறிவித்திருந்தார்.

கன்னியப்பன் மனைவி சின்னப்பொண்ணு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நீதானா அது? எய்தி இன்னா கிட்ச்சுது ஒனக்கு?"

"வுடு, வூட்டாண்ட வந்த பொண்ண" என்று கன்னியப்பன் வெளியே வந்தார். "இன்னாதான் எய்திகீற? படி, கேக்கலாம்."

அவர் இன்னும் படித்திருக்கவில்லை. போனை எடுத்து வாசித்தாள். 'அம்மா!' என்று அவர் அலறியதில் உற்பத்தி லைனே நின்றுபோனதாக எழுதிய இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத யாரு சொன்னா? நான் கத்தவே இல்லியே."

யாரும் சொல்லவில்லை. அன்று அவளுக்கு வேறு ஷிப்ட். ஒரு கூச்சல் இல்லாவிட்டால் அந்த இடம் எடுபடாதென்று அவளேதான் சேர்த்தாள்.

"லைன் நின்னா திட்டுவானுங்கன்னு அடுத்த பீஸ எடுக்கப் போனேன். கையில நிக்கல. அப்பால குனிஞ்சு பாத்தா வெரலக் காணோம்."

"மாத்திருதேன்ணே."

"இன்னாத்துக்கு? அதான் கதைன்னு போட்டுகினியே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்று கட்டுரை முழுவதையும் அழித்தாள். "ஏன் எடுத்தீர்கள்? ஆறே நாள்தானே பாக்கி" என்று நம்பிராஜன் கேட்டார். அதன்பிறகு அவள் எதுவும் எழுதவில்லை.

கன்னியப்பனை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. முப்பிடாதியைப் பிப்ரவரியில் பர்மனென்ட் ஆக்கினார்கள். சிவசங்கர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.