அடுத்த பிள்ளைக்கும் அதே பேர்

மஞ்சள் கவுன் தண்ணீரில் உப்பிக்கொண்டு எழும்புகிறது, மூக்கில் உப்பு ஏறுகிறது, கரையிலிருந்து அம்மா ஹெப்சிபா ஹெப்சிபா என்று கத்துகிறாள், அப்பாவின் கை இதோ வரும் இதோ வரும் என்று பார்க்கும்போதே அந்த நினைவு அறுந்துபோகும், யார் தூக்கினது, யார் தலை துவட்டினது, ஒன்றும் தெரியாது, ஆனாலும் நாலு வயதில் தரங்கம்பாடிக் கடல் தன்னை இழுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று அறுபத்தோரு வயது வரைக்கும் ஹெப்சிபா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், அதில் கொஞ்சம் பெருமை வேறு.

டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்கார முடியாமல்தான் அந்த வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள், அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து இந்தக் கரையில் குடியேறின குடும்பங்களைத் தேடுகிறவர்களின் குழு, சம்பளமும் கிடையாது சால்வையும் கிடையாது, நீ எனக்குத் தேடு நான் உனக்குத் தேடுகிறேன், அவ்வளவுதான், அங்கே இருக்கிற இங்கிரிட் பழைய கடிதங்களைப் படித்துச் சொல்வாள், இங்கே ஹெப்சிபாவும் குழுவில் பழக்கமான தியோடர் அண்ணனும் கல்லறைத் தோட்டத்தில் முள்ளை வெட்டி, தேய்ந்த கல்லில் அரிசி மாவைத் தடவி எழுத்தைப் படித்து அனுப்புவார்கள், எறும்புக்கும் நல்ல விருந்து. அப்படித்தான் போன மாதம் டொரோதியா என்ற பேர் ஒரு கல்லில் எழும்பி வந்தது, புத்தகம் பைண்டு பண்ண வந்த ஜெர்மன்காரரின் மகள், வயது மூன்று, இங்கிரிட் தன் பாட்டனுக்குப் பாட்டி என்று பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது இந்த டொரோதியாவைத்தான், மூன்று வயதில் செத்த குழந்தைக்கு ஏது பேரன் பேத்தி, உன் வம்சம் இது இல்லை தாயி என்று நம் ஆள் படத்தோடு அனுப்பிவிட்டாள், யோசிக்கிற வழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே. மூன்றாம் நாள் இங்கிரிட்டிடமிருந்து ஒரே வரி, அப்படியானால் நான் யார் என்று கேட்டிருந்தாள், அதைப் படித்ததும் ஹெப்சிபா போனைத் தூக்கிக்கொண்டு தியோடர் அண்ணனிடம் ஓடினாள்.

தியோடர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், அவர் கப்பல் கம்பெனி வேலையை முடித்துவிட்டு மூன்று வருஷம் முன்னால்தான் இந்த ஊருக்கு வந்தவர், என்னம்மா நீ, ஒரு கல்லைப் பாத்ததும் கதையை முடிச்சிட்டியே, அவங்கள்ல பிள்ளை செத்துட்டா அடுத்து பொறக்கிற பிள்ளைக்கும் அதே பேரை வைக்கிறது உண்டு, கோயில் ஞானஸ்நான ஏட்டைப் புரட்டு என்றார், புரட்டினால் ஒன்றரை வருஷம் கழித்து அதே அப்பா அதே அம்மா இன்னொரு டொரோதியா, அப்பாடா என்று இங்கிரிட்டுக்கு மன்னிப்பும் படமும் அனுப்பினாள். அடுத்த வாரம் கோயில் அலுவலகத்தில் ஏடுகளை அடுக்குகிறபோது அண்ணன் கேலியாக, உங்க வீட்டுலயும் எத்தனை ஹெப்சிபாவோ பாரு என்றார், இவளும் சிரித்துக்கொண்டே அடக்க ஏட்டைத் திறந்தாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, ஹெப்சிபா, சாமிதாஸ் மகள், வயது நாலு, கடலில் மூழ்கி, சாமிதாஸ் இவள் அப்பாவின் பேர்தான், ஆனால் இவள் பிறந்ததோ அறுபத்து நாலில்.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், எழுத்து மாறவில்லை, அப்படியானால் மூக்கில் ஏறின உப்பு யாருடைய உப்பு, பிறக்கிறதற்கு முன்னால் ஒருத்தி எப்படிக் கடலில் கிடப்பாள், அம்மா ஒரு நாளும் பொய் சொல்லவில்லை, ஹெப்சிபாவை அலை இழுத்துச்சு, கடல் பக்கம் போகாதே என்றுதான் சொன்னாள், திருப்பிக் கொடுத்தது என்று இவளாகச் சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது, ஊரில் தெரிந்த கிழவிகளும் அம்மாவுக்காகத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள், இல்லை கனவில் கண்டாளா, எதுவும் பிடிபடவில்லை, தெருவில் நடக்கிறாள், கால் தன் கால்தானா என்று குனிந்துகூடப் பார்த்தாள், பயமாக இருந்தது, அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எண்பத்தைந்து வயது, விரல் மட்டும் நிற்காது. ஏம்மா எங்கிட்ட சொல்லல என்று கேட்டதும் எதை என்று அம்மா கேட்கவேயில்லை, காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள், அவ போன பிறகும் சாயங்காலம் ஆனா வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்டி, உங்கப்பா வாயைப் பொத்தி உள்ள இழுத்துட்டு வருவாரு, கூப்பிட்டா யாராவது ஒருத்தி வந்துடணும்னு இருந்துச்சு, நீ வந்தே. அப்ப நீ கூப்பிடறது அவளையா என்னையா என்றாள் இவள், அம்மாவின் விரல் நின்றது, எனக்குத் தெரியலடி என்றாள்.

இவள் எழுந்து போய்க் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஹெப்சிபா என்று குரல் வந்தது, கூப்பிடட்டும், அவளே வந்து என்னன்னு கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தாள், அறுபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை ஹெப்சிபா என்று வந்த குரல் அம்மாவின் குரலாகவே இல்லை, இருபது வயதுப் பெண் ஒருத்தி அலறுகிற குரல் அது, கீரைத் தட்டு கீழே விழுந்து உருள்கிற சத்தமும் கேட்டது, இதோ இருக்கேம்மா, இங்கதாம்மா இருக்கேன் என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.