ஆடாமல் ஜெயித்த கோப்பை

‘வின்’ என்ற ஆங்கிலச் சொல்லை அமலதாஸ் அளவுக்கு வேலை வாங்கியவர் லாபு வட்டாரத்தில் யாருமில்லை. மழைக்கு முன் கொடியிலிருந்து துணி எடுத்துவிட்டால் அது வின். மீன்காரன் ஒரு மீனைக் கூடப் போட்டால் வின். பக்கத்து வீட்டுச் சேவல் செத்தபோது, பெரிய வின்.

ஆனால் மெய்யான வின் என்று அவர் நினைத்தது தோட்டங்களுக்கிடையிலான பந்தாட்டக் கோப்பையைத்தான். அணிக்கு அவர்தான் மேனேஜர். இரண்டு வருடமாக வேறு எந்த அணியும் வரவில்லை. ஆடுகிற வயசுக்காரர்கள் எல்லாம் சிரம்பான் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். விதிப்படி குறைந்தது ஏழு பேரைத் திடலில் நிறுத்தி, விசில் அடிக்கும்வரை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஆடாமலே வெற்றி, அதாவது வாக்கோவர். போன வருடம் ஒருவர் தூங்கிக்கொண்டே நின்றார். சிறந்த தடுப்பாட்டக்காரர் பரிசு அவருக்குத்தான். மூன்றாவது வருடமும் ஜெயித்தால் கோப்பையைத் திருப்பித் தர வேண்டாம், அணிக்கே சொந்தம். அணி என்றால் அமலதாஸ்.

கோப்பைக்காக வீட்டு ஷோகேஸைக் காலி செய்தார். மாதா சொரூபம் பிரிட்ஜுக்கு மேல் போனது.

“மாதாவ எறக்கிட்டு அலுமினியத்த ஏத்துறீங்களா?” என்றாள் மனைவி அந்தோனியம்மாள்.

“சாம்பியன் வீடுலா இது!”

“நின்னுக்கிட்டே சாம்பியன்! அப்ப பஸ் ஸ்டாப்புல நிக்கிறவனுக்கெல்லாம் கப்பு குடுக்கணும்.”

இந்த வருடமும் ஏழு பேர் நின்றார்கள். நடுவர், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தர்மேந்திரன், விசிலை வாயில் வைத்தார். அப்போது மம்பாவ் தோட்டத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பதினோரு இளைஞர்கள் இறங்கினார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ் இருந்தது. அதைவிட மோசம், கையில் பந்தும் இருந்தது.

அமலதாஸ் அவர்களின் கேப்டன் சுகுமாறனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“தம்பி, பிரியாணி ரெடியா இருக்கு. சாப்டுட்டு அப்படியே கெளம்பிடுங்க. ஒங்களுக்குச் சாப்பாடு, எங்களுக்குக் கப்பு. வின்-வின்லா.”

“கப்பு வேணாம் அங்கிள். சும்மா வெளையாட வந்தோம்.”

சும்மா விளையாட வந்தவனை எதைக் காட்டி மடக்குவது? அமலதாஸ் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

ஆட்டம் நடந்தது என்று சொல்வது அவருடைய அணிக்குச் செய்யும் மரியாதை. கோல் காத்த இராஜமாணிக்கம் முட்டிவலிக்காரர்; பந்து உள்ளே போன பிறகு குனிவார், அடுத்த பந்தும் போன பிறகு நிமிர்வார். ஒரு பந்து வலையைக் கிழித்துக்கொண்டு திடலோரச் செம்பனை மரங்களுக்குள் விழுந்து, பழக்குலைகளோடு லாரி ஏறி எண்ணெய் ஆலைக்கே போய்விட்டது. அந்த வாரத்து எண்ணெயில் ரப்பர் வாசம் அடித்ததாம். அமலதாஸின் தரப்பில் பந்தைத் தொட்டது, திடலைக் கடந்துபோன ஓர் உடும்பு மட்டுந்தான். பதினான்கு கோல்.

“நம்ம ஏழு பேர்ல ஒருத்தர்கூட சாகல பாருங்க,” என்றார் அமலதாஸ். “மாரல் வின்.”

“அத நாளைக்கு வந்து என் முட்டிகிட்ட சொல்லு,” என்றார் இராஜமாணிக்கம்.

வானம் கறுத்தது. மம்பாவ் பையன்கள் பிரியாணியை மட்டும் ஒரு கை பார்த்துவிட்டு, பரிசளிப்புக்கு நிற்காமல் வேன் ஏறிவிட்டார்கள். பேர் கூப்பிடும்போது ஆளில்லாத அணிக்குக் கோப்பை கிடையாது, அது விதி. தர்மேந்திரன் “மம்பாவ்!” என்று மூன்று முறை கூப்பிட்டார். உடும்பு திரும்பிப் பார்த்தது.

“வாக்கோவர்,” என்று முனகிக்கொண்டு அவர் கோப்பையை அமலதாஸிடம் நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அமலதாஸ் வாயைத் திறந்தார். அதற்குள் கைகள் வாங்கிவிட்டன.

சேதி வாட்சாப்பில் அவருக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது. மாதா ஷோகேஸுக்குத் திரும்பியிருந்தார். மழை கொட்டத் தொடங்க, கூடத்துத் தகரக்கூரை வழக்கம்போல் ஒழுகியது. அந்தோனியம்மாள் கோப்பையை வாங்கி, ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே வைத்தாள்.

டங்.

“கோலு,” என்றாள்.

“சும்மா இருடி.”

டங்.

“ரெண்டு.”

அமலதாஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மழை நிற்கிற மாதிரி இல்லை. பதினான்கோடு நிறுத்துகிறவளும் இல்லை அவள்.