எதிர்ப்போர் பக்கம் ஒரு கை

வரிக்குறைப்பு மசோதாவை எதிர்த்து ஒரு பெயிண்டர் சபையில் தூக்கிய வலது கை நான்கு வருடம் ஏழு மாதம் கீழே இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இறங்கவில்லை, ஆனால் அது வேறு மசோதா. பெயிண்டர் முப்பது வருடமாக வீடுகளின் சீலிங்குக்கு மட்டும் வண்ணம் அடித்து வந்தவர். சுவருக்கு அடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள், நாள் முழுக்க அண்ணாந்து நின்று கண்ணில் சொட்டு வாங்கிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்த வேலை அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. ஊருக்கே அவர் சீலிங்காரர். தேர்தல் வந்தபோது, ஜெயிக்க வழியே இல்லாத அந்தத் தொகுதியில் யாரையாவது நிறுத்தித் தொலைக்க வேண்டுமே என்று யோசித்த எதிர்க்கட்சி, தன் அலுவலகத்தில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்த அவரையே நிறுத்தியது. தொகுதியில் அவர் நுழையாத வீடு கிடையாது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மனிதர் ஜெயித்துவிட்டார்.

மசோதா இருபத்தெட்டுப் பக்கம். பத்து அறைக்கு மேல் உள்ள வீடுகளுக்கு இனி வரி வேண்டாம் என்பதைச் சொல்ல அதற்கு இருபத்தாறு பக்கம் தேவைப்பட்டது. இருபத்தேழாம் பக்கத்தில், அந்த வரி வராததால் மூட வேண்டியவை என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒன்பதாவதாக அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு. சீலிங்காரருக்கு அந்த வார்டு தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அதன் சீலிங்குக்கு வண்ணம் அடித்தபோது அங்கிருந்த நர்ஸம்மா, "இங்க வர்றவங்க சுவரையா பார்க்கப் போறாங்க? மல்லாந்து படுத்து மேலதான் பார்ப்பாங்க. நல்ல கலரா அடிங்க" என்று சொன்னார். அதற்காகவே வெளிர்பச்சை வாங்கி, ஒரு பூச்சுக்குப் பேசியிருந்த வேலையை இரண்டு பூச்சாக முடித்துக் கொடுத்தார். இப்போது அவருடைய ஒரே மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதே வார்டில்தான் பேர் பதிந்திருந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் படும் பாட்டைப் பற்றி நிதி அமைச்சர் குரல் தழுதழுக்க ஒரு மணி நேரம் பேசினார். சிமென்ட் ஆலை முதலாளியின் வீட்டில் முப்பத்துநான்கு சீலிங் இருப்பதும், அவற்றில் ஏழின் கீழே பல்லியைத் தவிர யாரும் தூங்கியதில்லை என்பதும் சபையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

வாக்கெடுப்பு நாளன்று எதிர்க்கட்சியினர் வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் கத்தி, காகிதத்தைக் கிழித்து எறிந்து, வெளிநடப்பு செய்து, கேன்டீனில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். எந்த மசோதாவையும் அவர்கள் அப்படித்தான் எதிர்ப்பார்கள். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மசோதா நிறைவேறிவிடும், இரு தரப்புக்கும் வேலை சுளுவு. சீலிங்காரர் மட்டும் போகவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. சபாநாயகரின் நாற்காலிக்கு நேர்மேலே சீலிங்கில் ஒரு ஈரத்திட்டு இருந்தது. தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து கசிகிறது என்று அண்ணாந்து யோசித்துக்கொண்டிருந்தவர் தலையை இறக்கியபோது அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் பார்த்து சபாநாயகர், "எதிர்ப்போர்?" என்று கேட்டார். கேட்டால் கை தூக்க வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தூக்கினார்.

சபாநாயகர் ஒன்று என்று எண்ணி, குறித்துக்கொண்டு, "சரிங்க, எண்ணியாச்சு. கைய இறக்கலாம்" என்றார்.

"இறக்கத்தாங்க பார்க்கிறேன்" என்றார் சீலிங்காரர். "வரமாட்டேங்குது."

சபையின் அறுபத்தோராவது விதி, தூக்கிய கைகள் எல்லாம் இறங்கிய பிறகே முடிவை அறிவிக்க வேண்டும், ஒரு கை மேலே இருந்தாலும் அறிவித்த முடிவு செல்லாது என்கிறது. ஏதோ ஒரு காலத்தில் ஒரு உறுப்பினர் கொசு விரட்டியதை வாக்காக எண்ணிவிட்டதால் வந்த விதி அது. சரி, விதியை மாற்றிவிடலாம் என்றார்கள். வாக்கெடுப்பு பாதியில் நிற்கும்போது எந்த விதியையும் மாற்றக் கூடாது என்றது அறுபத்திரண்டாவது விதி. அன்று சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். சபைக் காவலர்கள் நான்கு பேர் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள், நான்கு பேரின் காலும் தரையைவிட்டு எழும்பியதுதான் மிச்சம். டாக்டர் வந்து, கையில் ரத்தம் நன்றாக ஓடுகிறது, வலி இல்லை, நோயும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சேதி கேன்டீனுக்குப் போனதும் எதிர்க்கட்சித் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, இது தாங்கள் மூன்று மாதமாக வகுத்த திட்டம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். வீட்டில் மனைவி கையை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். "எல்லாரும் வெளிய போனா நீங்களும் போக வேண்டியதுதானே? அங்க என்னத்தப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க?" என்று கேட்டாள். சீலிங் ஒழுகுது என்றார். அவளுக்கு அது போதுமான காரணமாகப் பட்டது. கத்தரிக்கோலை எடுத்து அவருடைய சட்டைகளில் தோள்பட்டைவரை பிரித்துப் பொத்தான் வைக்க ஆரம்பித்தாள்.

தொழிலுக்கு ஒரு குறையும் வரவில்லை. எப்படியும் மேலே இருக்க வேண்டிய கைதான். மனைவி கூடவே வந்து வண்ணம் கலந்து கொடுத்தாள், சாரத்தை நகர்த்த இரண்டு பேர் இருந்தார்கள். தெருவில்தான் சிக்கல். அவர் நடந்து போனால் எதிரே வரும் பஸ்கள் எல்லாம் நின்றன. தனக்குப் பஸ் வேண்டாம் என்று ஒவ்வொரு டிரைவரிடமும் போய்ச் சொல்லி மாளாமல், அவர் சந்துகள் வழியாகப் போகக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூட ஜன்னலைத் தாண்டும்போது டீச்சர்கள் பாடத்தை நிறுத்தி, என்ன சந்தேகம் என்று கேட்டார்கள். ஒரு ஏலத்தின் ஓரமாக நடந்து போனதற்கு ஒரு இரும்பு பீரோவை அவர் தலையில் கட்டினார்கள். பூட்டுகூட சரியில்லாத பீரோ, இன்றைக்கும் அவர் வீட்டில் இருக்கிறது. தச்சர்கள் வாசல்நிலையை ஒன்றரை அடி உயர்த்தி வைக்க ஆரம்பித்தார்கள், அதற்குச் சீலிங்காரர் அளவு என்று பெயரும் வந்தது. அரசாங்கம், கை எப்போது இறங்குகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு அலுவலரை நியமித்தது. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை அவர் கையில் போனுடன் பத்தடி தள்ளி நடந்து வந்தார். ஐந்து மணிக்குமேல் இறங்கினால் என்ன செய்வது என்று அவர் எழுதிக் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

மூன்றாம் மாதம் சிமென்ட் ஆலை முதலாளியே ஒரு கூடை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கெட்ட வார்த்தை பேசமாட்டார். "உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஒரு குறையும் இல்லீங்க. வேலைக்கு வந்தா ரெண்டு வேளை டீ கொடுப்பீங்க" என்றார் சீலிங்காரர். "அப்புறம் என்ன? வருஷா வருஷம் என் வீட்டு முப்பத்துநாலு சீலிங்கும் உங்களுக்குத்தான். எழுதியே தர்றேன். அந்தக் கை மட்டும் கொஞ்சம் இறங்கட்டும்" என்றார் அவர். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இறக்கின கைய வச்சு சீலிங் எப்படிங்க அடிக்கிறது?" முதலாளி ஆப்பிள் கூடையை வைத்துவிட்டுப் போனார்.

சீலிங்காரருக்கு அந்தக் கையால் ஒரே ஒரு துக்கம்தான். அதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். மகள் பிறந்தபோது அவர் ஏதோ ஒரு வீட்டுச் சாரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார். வேலையை விட்டு வரமுடியாமல், மூன்றாம் நாள்தான் பிள்ளையைத் தூக்கினார், அதுவும் கையெல்லாம் சுண்ணாம்போடு. பேரப்பிள்ளையையாவது பிறந்த நிமிஷமே இரண்டு கையிலும் வாங்க வேண்டும் என்று மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். மாதம் நெருங்க நெருங்க, நடு மத்தியானத்தில் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சினார் என்றும் சொல்லலாம்.

குழந்தை ஒரு பகல் வேளையில், பதினொன்றரை மணிக்குப் பிறந்தது. பெண். அதே நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பழக்க தோஷத்தில், "ரெண்டு கையும் நீட்டுங்க ஐயா" என்றார். அந்த நான்கு மாதத்தில் முதல்முறையாகக் கை தளர்ந்தது. சீலிங்காரருக்குத் தோளில் அது தெரிந்தது. விரல்கள் மடங்கின, முழங்கை வளைந்தது, கை அவருடைய காது மட்டத்துக்கு வந்துவிட்டது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலுவலர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். இன்னும் ஒரு முழம் இறங்கினால் போதும், பிள்ளை கைக்கு வந்துவிடும். சபாநாயகர் முடிவை அறிவித்துவிடுவார், அடுத்த வாரம் இந்தக் கதவுக்குப் பூட்டு போட்டுவிடுவார்கள். உள்ளே இன்னும் ஆறு பெண்கள் மல்லாந்து படுத்து வெளிர்பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீலிங்காரரும் ஒரு தடவை மேலே பார்த்தார். ஒரு இடத்தில்கூட உரியவில்லை, நல்ல வேலை. அவருக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதார்.

"எடது கையில குடும்மா" என்றார். "எனக்குப் பழகிருச்சு."

கை மறுபடி மேலே போய், பழைய இடத்தில் அசையாமல் நின்றது. அலுவலர் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். நர்ஸம்மா குழந்தையை இடது கையில் சாய்த்து வைக்க, மனைவி பக்கத்தில் ஒட்டி நின்று தன் வலது கையைக் குழந்தைக்கு அடியில் கொடுத்தாள். "இப்ப ரெண்டு கை ஆச்சா? மூஞ்சியத் துடைங்க, பாப்பா பார்க்குது" என்றாள். துடைக்க அவருக்குக் கை இல்லாததால் அதையும் அவளே செய்தாள்.

சபையின் ஆயுள் முடிந்தது, மசோதாவும் அதோடு காலாவதியானது. கை இறங்குவதைப் பார்க்க அன்று அவர் வீட்டு வாசலில் நல்ல கூட்டம். சுண்டல் விற்க ஒருவரும் வந்திருந்தார். கை இறங்கவில்லை. வேலை முடிந்த பிறகும் ஏன் என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் புதிய சபை கூடி, முதல் வேலையாகப் பெருவீட்டு உரிமையாளர் ஊக்குவிப்பு மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை. பழைய பட்டியலை இருபத்தேழாம் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். வார்டு இப்போது நான்காவது இடத்தில் இருந்தது. சீலிங்காரர் மறுபடியும் ஜெயித்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்போர் என்று புதிய சபாநாயகர் கேட்டபோது அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கத்திவிட்டு வெளிநடப்புக்கு எழுந்த எதிர்க்கட்சியினரில் ஒன்பது பேர் அவரைப் பார்த்துத் தயங்கி, திரும்ப உட்கார்ந்து கை தூக்கினார்கள். அந்தக் கைகள் எண்ணி முடித்ததும் ஒழுங்காக இறங்கின. டீ ஆறிவிட்டது என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பழைய சபாநாயகர் ஓய்வு பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் சீலிங்காரர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஈரத்திட்டு சபையில் இன்னும் இருக்கிறது, அதைச் சரிசெய்வது பற்றி ஒரு குழு விவாதித்து வருகிறது.

பேத்தி அந்த இடது கையிலேயே வளர்ந்தாள். ஐந்து வயதானபோது முதல்முறையாகத் தாத்தாவும் பாட்டியும் அவளைப் பெரிய பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வரிசையில் ஒரு முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்தவள் பாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பாட்டி, இவங்க எல்லாருக்கும் ஏன் ரெண்டு கையும் கீழ தொங்குது? அடிபட்டுருச்சா?"

"அதெல்லாம் இல்லடி" என்றாள் பாட்டி. "அவங்க இன்னும் தூக்கல."

அதற்குள் பஸ் வந்தது. கையைப் பார்த்துவிட்டு அவர்கள் பக்கத்திலேயே நின்றது. மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள்.