வரப்போகிற புள்ளி

எங்கள் காத்தான்குடியில் யாராவது ஒரு சோதனையில் நன்றாகச் செய்துவிட்டால் சந்தியில் வாழ்த்துப் பதாகை தொங்கும். பாதிப் பதாகைகளை அடிப்பவர் என் மாமா இஷாம். உம்மாவின் தம்பி, அச்சகக்காரர், யோசிக்கும் முன்பே அடித்து முடித்துவிடுகிற ஆள். பெண்பிள்ளைகளின் படத்தை அவர் போடுவதில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். டாக்டருக்கும் அதே பூ, டீச்சருக்கும் அதே பூ.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டியில் கடைக்குப் போகும்போது அந்தப் பூவுக்குக் கீழே என் பெயரைக் கண்டேன். 'ஜீமெட் சோதனையில் 700 புள்ளிகள் பெற்ற எமது மருமகள் நிஸ்றாவை வாழ்த்துகிறோம்.' நான் பிரேக் பிடித்த பிடியில், பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் வாப்பாவையும் சேர்த்து ஏசிவிட்டுப் போனார்.

நான் எடுத்தது 615.

வாப்பாவின் பிடவைக்கடைக்கு இணையத்தில் வியாபாரம் பார்ப்பவள் நான். சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் எம்பிஏ படிக்க வேண்டும் என்று பெரிய ஆசை. அதற்குத்தான் இந்த ஜீமெட். மூன்று தரம் எழுதியாயிற்று. கடைசித் தரம்தான் 615. அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் சராசரி 645. புலமைப்பரிசில் வேண்டுமென்றால் வியாழனுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாலாம் தரம் எழுதப் போனால் அது கைவிட்டுப் போகும்; அது இல்லாமல் சிங்கப்பூரை நினைக்கவே முடியாது.

இருந்தும் திரும்ப எழுதப்போகிறேன் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என்னோடு சேர்ந்து படித்த வதனிக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. அவள் மட்டக்களப்பு டவுனில் வங்கியில் வேலை செய்கிறாள், போன மாதமே விண்ணப்பித்தும்விட்டாள்.

"சராசரிக்குக் கீழ இருக்கிற ஆக்களையும் எடுத்துத்தானடி அந்தச் சராசரி வந்தது. நீ அனுப்பு" என்பாள்.

"இன்னும் முப்பது புள்ளி எடுத்துட்டு அனுப்புறன்."

"போன தரமும் இதத்தான் சொன்ன நீ."

பதாகையைக் கண்ட கோபத்தோடு நேரே அச்சகத்துக்குப் போனேன். மாமா கல்யாணக் கார்ட் மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எழுநூறு எங்கால வந்த?"

"நீதானே மகள் திரும்ப எழுதப்போறன் எண்ட. அப்ப இதவிடக் கூடத்தானே வரும்? இப்ப ஒண்டு, பிறகு ஒண்டு எண்டு ரெண்டு தரம் கட்டேலாது. அதான் வரப்போற புள்ளியப் போட்டுட்டன்."

"அந்தச் சோதனையில எழுநூறு எண்டு ஒரு புள்ளியே இல்ல. எல்லாம் அஞ்சிலதான் முடியும்."

"அதுக்கென்ன, ஒரு அஞ்சக் கூட்டிப் போடுவம்." கணினிப் பக்கம் திரும்பியேவிட்டார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பெருநாள் வியாபாரத்தில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, கண் எரிய எரியப் படித்து எடுத்த 615. அதை வெளியில் சொல்ல இந்த மனுஷனுக்கு வெட்கமா?

"அறுநூத்திப் பதினஞ்சுக்கு என்ன குறை? அதப் போட்டா உங்கட மெஷின் உடைஞ்சிருமா?"

மாமா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எனக்கு ஒரு குறையும் தெரியா மகள். நீதானே அது காணாது காணாது எண்டு அழுதுக்கிட்டு இரிக்கிற. காணாத ஒண்ட நான் எப்பிடிச் சந்தியில கட்டுற?"

அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். போதாது போதாது என்று சொல்லித் திரிந்தவள் நான்தானே. முப்பது புள்ளி ஒரு சாட்டுத்தான். அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சோதனை எழுதிக்கொண்டே இருக்கிறவளை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

"அறுநூத்திப் பதினஞ்சு எண்டே அடிங்க" என்றேன்.

பகல் சாப்பாட்டுக்கு முன் சந்திக்குப் போனோம். மாமா ஏணியில் ஏறி, 700க்கு மேல் புது ஸ்டிக்கரை ஒட்டினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் பையோடு வந்த பக்கத்து வீட்டு ஆசியா உம்மா அண்ணாந்து பார்த்தார்.

"என்ன புள்ள, காலையில எழுநூறு இரிந்திச்சே. குறைச்சிட்டாங்களா?"

"குறைக்கல்ல மாமி. இதுதான் நான் எடுத்த."

அவர் இன்னொரு தரம் பார்த்தார். "இதுவும் கூடின புள்ளிதானே" என்று சொல்லிவிட்டு, மீன் பழுதாகிவிடும் என்று நடையைக் கட்டினார். எனக்கு ஏனோ அழுகை வரும்போல் இருந்தது.

மேலேயிருந்து மாமா கேட்டார். "சரி மகள், இந்தப் புள்ளிக்கு காலேஜ்காரங்க எடுக்காட்டி என்ன செய்ற?"

"அதுக்கும் ஒரு பதாகை அடிங்க மாமா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பூ?"

"அதே பூ காணும்."

விண்ணப்பம் எப்போதோ நிரப்பி முடித்து போனுக்குள் கிடந்தது. ஏணியை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் போனை எடுத்து அனுப்பிவிட்டேன். ஒற்றைக் கைப் பிடியில் ஏணி ஆடிற்று. ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லி மாமா மேலேயிருந்து ஏசினார்.